வண்டியில் எத்தனை பேர்?

மார்ச் 3
வேலைத்தளம்

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் நின்றதா?

போனில் வேண்டாம், எழுது என்று கிளம்பும்போது நீ சொன்னது நல்லதாகப் போயிற்று. இங்கே ஆபீசில் இருப்பது ஒரே போன். அன்றைக்கு வரிசையில் நின்று உன்னைக் கூப்பிட்டேன், பேச ஒன்றும் வரவில்லை. நீ ஹலோ ஹலோ என்றாய். பின்னால் நின்றவன் தோளைத் தட்டினான். வைத்துவிட்டேன்.

சுரங்கப்பாதைக்குள் ஊறுகிற தண்ணீரை வெளியேற்றும் பம்புகள் என் பொறுப்பு. அறையில் நான்கு கட்டில், என்னுடையது கதவோரம். சாப்பாடு வேளைக்கு வருகிறது. சாப்பிடுகிறேன். காரியமெல்லாம் முடிந்த மறுவாரமே கிளம்பி வந்துவிட்டான் என்று அங்கே பேசுவார்கள். பேசட்டும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை அக்கா. அழுகையும் வரவில்லை.

ஒரு வேலை இருக்கிறது. உன் ஷெட்டில் நிற்கும் என் வண்டியின் உயரத்தை இரண்டு விரல் இறக்க வேண்டும். கல்யாணமான புதிதிலிருந்தே எனக்கு அந்த ஆசை. பள்ளிக்கூட வாசல் சரிவில் அடி உரசும், வேண்டாம் என்று அவள் தடுத்துக்கொண்டே இருந்தாள். இப்போது வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. லோயரிங் ஸ்பிரிங் போடலாமா, காயில்-ஓவர் ஸ்லீவ் போடலாமா? இரண்டையும் மாட்டிக் கை பழகியவள் நீ. எழுது.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

தம்பி

மார்ச் 19
பட்டறை

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்தால் வலிக்கவில்லை, எழுந்தால் வலிக்கிறது. அத்தான் இருமிக்கொண்டேதான் வாடிக்கைக்காரர்களிடம் பேசுகிறார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்பதை நம்புகிறேன்.

வண்டி விஷயம். லோயரிங் ஸ்பிரிங் என்பது தைத்து விற்கிற சட்டை. இவ்வளவுதான் உயரம் என்று செய்கிறவனே முடிவு பண்ணியிருப்பான். பழையதைக் கழற்றி இதைப் போட்டால் போட்டதுதான், கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஸ்லீவ் அப்படியில்லை, நாடா வைத்த கால்சட்டை. மரை வெட்டிய குழாயை ஷாக்கின் மேல் மாட்டுகிறோம், குழாயில் ஒரு வளையம், வளையத்தின் மேல் ஸ்பிரிங். வளையத்தைத் திருகினால் அந்தச் சக்கரத்துப் பக்கம் மட்டும் ஏறும், இறங்கும்.

உடனே அதையே போடு என்று எழுதிவிடாதே. ஸ்லீவோடு வருகிற ஸ்பிரிங் கடினமாக இருக்கும், உன் பழைய ஷாக் அதற்குத் தாங்காது, அதையும் மாற்றியாக வேண்டும். மலிவுச் சரக்கு என்றால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் டொக் டொக் என்று பதில் சொல்லும். திருகுகிற வசதி இருந்தால் கையும் சும்மா இருக்காது. தெருவில் ஓடுகிற வண்டிக்கு ஸ்பிரிங் போதும் என்றுதான் யார் வந்து கேட்டாலும் சொல்கிறேன்.

ஆனால் ஸ்பிரிங் வாங்குமுன் எல்லோரிடமும் கேட்பதை உன்னிடமும் கேட்கிறேன். வண்டியில் எத்தனை பேர் போவீர்கள்? ஒருவன் மட்டும் ஓட்டுகிற வண்டிக்கு ஒரு ஸ்பிரிங், பின்சீட்டில் ஆள் ஏறுகிற வண்டிக்கு வேறு ஸ்பிரிங். அதைச் சொல், வாங்கிவிடுகிறேன்.

உன் குண்டூசி பள்ளிக்கூடம் போய் வருகிறாள். நீ வைத்த செல்லப் பேருக்குத் தகுந்தாற்போல் இன்னும் கொஞ்சம் இளைத்திருக்கிறாள்.

உன் அக்கா

ஏப்ரல் 11
வேலைத்தளம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முழங்காலுக்குத் தைலம் போடு. அத்தானை டாக்டரிடம் காட்டு.

ஸ்பிரிங்கே போடு. மாற்ற முடியாதது என்றால் நல்லதுதான். ஒரு தடவை முடிவு பண்ணினால் அப்புறம் யோசிக்க வேண்டாம்.

வண்டி நின்றுகொண்டே இருந்தால் பேட்டரி இறங்கிவிடும், வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணு. டயருக்கு ஒரே இடத்தில் பாரம் விழக்கூடாது, கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி நிறுத்து. இடது பக்கக் கண்ணாடி ஏற்றும்போது மாட்டிக்கொள்ளும், கையால் பிடித்து ஏற்ற வேண்டும். மேலே போட்ட துணி நழுவாமல் இருக்கிறதா?

இங்கே மூன்றாவது பம்பு தொல்லை கொடுக்கிறது. வேறு விசேஷம் இல்லை. எல்லோரும் நலம்தானே?

தம்பி

ஏப்ரல் 26
பட்டறை

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம்தானே என்று எழுதியிருக்கிறாய். என் முழங்காலைத் தனியாகக் கேட்டாய், அத்தான் இருமலைத் தனியாகக் கேட்டாய். பேட்டரி, டயர், கண்ணாடி, துணி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டாய். மிச்சமிருக்கிறவள் எல்லோரில் அடங்கிவிட்டாள் போலிருக்கிறது.

ஸ்பிரிங் வாங்கவில்லை. வண்டியில் எத்தனை பேர் என்று கேட்டதற்குப் பதில் இல்லையே. கல்லுளிமங்கன் மாதிரி இருந்தால் நான் எதை வாங்குவது? போன மாதம் ஒரு மளிகைக்கடைக்காரர் வந்தார். நான் மட்டும்தாம்மா ஓட்டுவேன் என்று அடித்துச் சொல்லி, நன்றாக இறக்கிவிட்டுப் போனார். மறுவாரம் மாமியார், மச்சினி, இரண்டு பிள்ளைகள், ஒரு தையல் மெஷின். பின் டயர் மட்கார்டில் உரசி, புகையோடு வந்து நின்றார். தப்பு ஸ்பிரிங்கில் இல்லை.

குண்டூசிக்குச் செருப்பு சின்னதாகிவிட்டது, புதிதாக வாங்கியிருக்கிறேன். அதிகம் பேசுவதில்லை. சேட்டையும் இல்லை, அழுகையும் இல்லை, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. பட்டறைச் சத்தத்தில் எழுத முடியவில்லை என்று வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு உன் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாள். துணி நழுவுவதெல்லாம் அதனால்தான். உன் கடிதங்களைச் சாப்பிடும்போது அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். கேட்டுக்கொள்கிறாள்.

எத்தனை பேர்?

உன் அக்கா

ஜூன் 2
வேலைத்தளம்

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மழையில் பாதை அடைபட்டு, தபால் கொண்டுவரும் சாமான் லாரி வரவில்லை. அது மட்டும் காரணம் இல்லை. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

ஸ்லீவே போடு. உயரத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றாயே. அப்படியானால் எத்தனை பேர் என்று இப்போது சொல்ல வேண்டியதில்லை. கூடவே புது ஷாக்கும் போட்டுவிடு. நல்ல சரக்காக வாங்கு.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா என்று கம்பெனியில் கேட்கிறார்கள். செப்டம்பர் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அங்கே வந்து நான் என்ன செய்யப்போகிறேன். இங்கே பம்பு ஓடினால் போதும், யாரும் முகத்தைப் பார்த்து எதையும் கேட்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 24
பட்டறை

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க நான்கு ஷாக், நான்கு ஸ்லீவ், நான்கு ஸ்பிரிங் வாங்க வைத்தவன் நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

மாட்டிவிட்டேன். முன்பக்கம் எந்தக் கஷ்டமும் இல்லை. பின்பக்கம் ஒரு போல்ட் துருப்பிடித்துப் படாத பாடு படுத்தியது. சக்கரத்தைப் பிடிக்கிற ஆர்ம் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கவில்லை, நாலு சக்கரமும் தரையில் பாரம் வாங்கிய பிறகுதான் இறுக்கினேன். அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும், உனக்கே தெரியும்.

வழக்கம்போல ஓட்டுகிறவர் சீட்டில் உன் எடைக்கு மணல் மூட்டை வைத்துத்தான் உயரம் பார்த்தேன். மெலிந்திருந்தால் சொல், கொஞ்சம் மணலைக் கொட்டிவிடுகிறேன். சாயங்கால வெளிச்சத்தில் பொறுமையாக உட்கார்ந்து, ஒவ்வொரு வளையமாகத் திருகித் திருகி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் பிடித்தேன். இடதும் வலதும் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. அத்தானே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் குறை சொல்லாமல் போனார் என்றால் பார்த்துக்கொள். அளவுகளைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வளையம் அசையாமல் பூட்டுகிற லாக் ரிங்கை இன்னும் முழுசாக இறுக்கவில்லை. கொஞ்ச நாள் ஓட்டி, ஸ்பிரிங் அமர்ந்த பிறகு மறுபடி அளந்து இறுக்குகிறேன்.

இரண்டு வருஷத்தைப் பற்றி நான் எழுதினால் சண்டையாகும். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ வரும்போது அவளுக்குப் பதினொரு வயது முடிந்திருக்கும். அவள் அம்மா போனது ஒரே நாளில் நடந்தது, தலைவலி என்று படுத்தாள், போய்விட்டாள். யாராலும் தடுக்க முடியவில்லை. அப்பா போவது அப்படியில்லை.

உன் அக்கா

ஜூலை 17
வேலைத்தளம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலைக்கு நன்றி. நீ அனுப்பிய அளவுகளைக் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரர் என்ன இது என்றார். என் வண்டி நிற்கிற உயரம் என்றேன்.

மெலிந்திருக்கிறேன். மணலைக் கொட்ட வேண்டாம்.

ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அளந்து எழுது. கையெழுத்து இன்னும் போடவில்லை. நாள் இருக்கிறது என்பதால்தான்.

தம்பி

ஆகஸ்ட் 2
பட்டறை

அன்புள்ள தம்பிக்கு,

நானும் குண்டூசியும் நலம். அத்தானுக்கு இருமல் விட்டது, இப்போது குறட்டை.

எனக்குத்தான் மனசே சரியில்லை. வண்டியை ஊரைச் சுற்றி நன்றாக ஓட்டினேன். இன்று காலையில் அதே இடத்தில் நிறுத்தி, அதே மணல் மூட்டையை வைத்து அளந்தேன். மூன்று சக்கரம் சொன்னபடி நிற்கிறது. பின் இடது மட்டும் அரை விரல் உயரமாக நிற்கிறது. தரையில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று வண்டியைத் திருப்பி நிறுத்தியும் பார்த்துவிட்டேன். காற்றும் சரியாக இருக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வைத்த அளவு. எனக்கு எப்படித் தப்பும்?

அத்தான், பரவாயில்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார். எனக்குத் தெரியுமே.

உன் அக்கா

ஆகஸ்ட் 13
வேலைத்தளம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது, லாரி திரும்புவதற்குள் இதை எழுதுகிறேன்.

நீ அளவில் தப்பு பண்ண மாட்டாய். யோசித்துப் பார். வளையம் நழுவியிருந்தால் வண்டி இறங்கும், ஏறாது. ஸ்பிரிங் அமர்ந்தாலும் இறங்கத்தான் செய்யும். போல்ட்டுகளைப் பாரத்தில்தான் இறுக்கியிருக்கிறாய், அதுவும் இல்லை. ஒரு மூலை தானாக ஏற ஒரே வழிதான் இருக்கிறது. முதலில் அளந்தபோது அங்கே ஏதோ பாரம் இருந்திருக்கிறது, இப்போது இல்லை. அந்தப் பாரத்தோடு சேர்த்து நீ மட்டம் பிடித்திருக்கிறாய்.

அன்றைக்குப் பின்சீட்டில் இடது பக்கம் எதையாவது வைத்திருந்தாயா? டூல் பெட்டி, பழைய ஷாக், ஏதாவது? அரை விரல் என்றால் ரொம்பக் கனமில்லை. நன்றாக ஞாபகப்படுத்திப் பார்.

ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு விஷயத்தை முழுசாக யோசித்தேன். உடனே எழுது.

தம்பி

ஆகஸ்ட் 27
பட்டறை

அன்புள்ள தம்பிக்கு,

வைத்திருந்தேன். உன் மகளை.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு டூல் பெட்டியா, ஷாக்கா என்று மண்டையை உடைத்துக்கொண்டு, டேப்பும் கையுமாகப் பின் இடது சக்கரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். பையைக் கழற்றினாள், பின்கதவைத் திறந்தாள், ஏறி உட்கார்ந்தாள், பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள். என் கண் முன்னால் மட்கார்டு விளிம்பு இறங்கியது. டேப்பைப் பார்த்தேன். ஜூன் மாதம் எழுதிய அதே அளவு.

முதலில் அளந்தது சாயங்காலம். அவள் உள்ளே இருந்திருக்கிறாள். காலையில் அளந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவள் அங்கே உட்காருவதை நானே உனக்கு எழுதியிருக்கிறேன், ஆனாலும் உள்ளே ஆள் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரு பிள்ளை இருப்பதே மறந்துபோகிற அளவுக்குச் சத்தமில்லாமல் இருந்திருக்கிறாள், நானும் அப்படியே விட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, உன்னைப் போல எனக்கு அடக்கத் தெரியாது.

அன்னைக்கு நான் அளவு எடுத்தப்பவும் உள்ளதான் இருந்தியா என்று கேட்டேன்.

"ஆமா அத்தை. நீங்க டேப் பிடிக்கிறப்ப நான் ஆடவே இல்ல. மூச்சக்கூட அடக்கிக்கிட்டேன்."

"வீட்ல மேசை இருக்கு, விளக்கு இருக்கு. தினம் எதுக்கும்மா இதுக்குள்ள வந்து உக்கார்ற?"

அவள் நோட்டை மடியில் விரித்து எழுத ஆரம்பித்தாள்.

"அப்பா வண்டியத்தான கேக்குறாரு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகவும் சொல்லவில்லை, கடைக்கு வழி சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வீட்டுப்பாடத்தைத் தொடர்ந்தாள்.

இதற்கு மேல் நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. பின் இடது வளையத்தை இரண்டு சுற்று இறக்கினால் ஆள் இல்லாத வண்டிக்கு மட்டம் சரியாகிவிடும். பத்து நிமிஷ வேலை. இறக்கவா, விடவா என்று நீயே சொல். ஸ்பேனர் என் கையில் இருக்கிறது, லாக் ரிங்கை இறுக்கவில்லை.

உன் அக்கா

அக்டோபர் 4
பட்டறை

தம்பிக்கு,

நாங்கள் நலம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. செப்டம்பரும் முடிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டிருந்தால் போட்டுவிட்டேன் என்றாவது ஒரு வரி எழுது. உன் கடிதம் வந்ததா என்று அவள் கேட்பதில்லை, சாப்பிட உட்காரும்போது என் கையைப் பார்க்கிறாள்.

வளையத்தை நான் தொடவில்லை.

அக்கா

அக்டோபர் 21
வேலைத்தளம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். பம்பு அறையில் ஈரம், மை கொஞ்சம் ஊறிவிட்டது. அவள் சொன்ன அந்த ஒரு வரி மட்டும் ஊறவில்லை. ஊறியிருந்தாலும் எனக்கு மனப்பாடம்.

என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள். இன்னும் தெரியவில்லை. அவளைப் பற்றிக் கேட்டால் அவள் அம்மாவைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும் என்று இருந்தேன். வண்டியைக் கேட்டால் வண்டியோடு நின்றுவிடும். அவள் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

இப்போதும் பெரிதாக ஒன்றும் இல்லை அக்கா. கை கால் எல்லாம் மரத்துப்போன மாதிரியேதான் இருக்கிறது. ஆனால் செப்டம்பர் கடைசி நாள் பேப்பரை நீட்டினார்கள், மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். வண்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் பதில் வருகிற ஆளுக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நவம்பர் கடைசி லாரியில் கிளம்புகிறேன்.

மார்ச்சில் கேட்டாயே, அதற்குப் பதில்: இரண்டு பேர். ஓட்டுகிற சீட்டில் ஒருத்தர், பின்னால் இடது பக்கம் ஒருத்தர். முன்னால் வா என்று நான் கூப்பிட மாட்டேன், அவளாக வருகிற அன்று வரட்டும்.

பின் இடது வளையத்தை இறக்காதே. அந்த அளவிலேயே லாக் ரிங்கை இறுக்கிவிடு. காலியாக நிற்கும்போது கோணலாக இருந்தால் இருக்கட்டும். அவள் வளருவாள், அப்போது ரிங்கைத் தளர்த்தி ஒரு சுற்று ஏற்ற வேண்டியிருக்கும், அதை நான் செய்துகொள்கிறேன். ஸ்பிரிங் போட்டிருந்தால் இதற்கு வழியில்லை. பள்ளிக்கூட வாசல் சரிவில் உரசினால் நாலு வளையத்தையும் ஏற்றிவிடலாம். அவள் அம்மா சொன்ன உயரத்துக்கே ஏற்றினாலும் சரி.

உன் முழங்காலையும் அத்தானையும் வந்து பார்க்கிறேன்.

தம்பி

இதற்குக் கீழே இருப்பதை நீ வாசித்துக் காட்ட வேண்டாம், அவள் கையிலேயே கொடுத்துவிடு.

குண்டூசி, நீ நல்லா இருக்கியா?